தளை தட்டாத அஞ்சலி

கடம்பங்குளம் பஸ் ஸ்டாண்டில் காலமெல்லாம் மூட்டை தூக்கிய காத்தமுத்து, செத்து, எரிந்து, சாம்பலும் கரைக்கப்பட்ட பிறகு, ஒரு புதன்கிழமைக் காலையில் பிச்சைக்கனியின் டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது, பிச்சைக்கனி செய்த முதல் காரியம், கவிழ்த்து வைத்திருந்த கண்ணாடி டம்ளர்களில் ஒன்றை நிமிர்த்தி, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ ஆற்றியதுதான். ஆள் வந்துவிட்டார், டீ கொடுக்காமல் என்ன செய்வது. ஆச்சரியப்பட அவருக்கு நேரமும் இல்லை, சாத்தூர் பஸ் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கத் திரும்பினால் டைம் ஆபீஸ் வாசலில் ஒரு காத்தமுத்து நின்றார், கட்டணக் கழிப்பறைப் பக்கம் திரும்பினால் அங்கே ஒரு காத்தமுத்து, பிள்ளையார் பக்கம் திரும்பினால் பிள்ளையாரை மறைத்துக்கொண்டு இன்னொரு காத்தமுத்து, எல்லாரும் அதே ஆள், எல்லார் தலையிலும் அதே சும்மாடு. தரையெல்லாம் நசநசவென்று ஈரமாகிக் கிடந்தது. அந்த ஈரம் உப்புக் கரித்தது என்று சொன்னார்கள்; நக்கிப் பார்த்தது யார் என்று ஊர் நாகரிகம் கருதிக் கேட்டுக்கொள்ளவில்லை.

செத்தவர் எப்படி வந்தார் என்பதைவிட, இத்தனை பேரில் எவருக்கு டீ கொடுப்பது என்பதுதான் பிச்சைக்கனிக்குக் குழப்பமாக இருந்தது. அந்தக் குழப்பத்தில் தலையைச் சொறிந்துகொண்டு சுவரைப் பார்த்தவர் கண்ணில், காத்தமுத்துவின் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பட்டது. அவருக்குச் சொந்தபந்தம் யாரும் இல்லாததால் டிரைவர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து போட்ட போஸ்டர். போட்டோவுக்குக் கீழே இரண்டு வரி இருந்தது.

கண்ணீரில் நீந்துகிறோம் காத்தமுத்து போனாலும்
எண்ணும் திசையெல்லாம் நீ.

பிச்சைக்கனி வரியைப் படித்தார், ஈரத் தரையைப் பார்த்தார், நாலு திசையையும் பார்த்தார். பிறகு கடையை அப்படியே போட்டுவிட்டு செண்பகத்தைக் கூப்பிட ஓடினார்.

செண்பகவல்லி தமிழில் எம்.ஏ. படித்து, வாத்தியார் வேலைக்குப் பரீட்சை மேல் பரீட்சை எழுதி, கடைசியில் ஊருக்குள்ளேயே போஸ்டர் கடை வைத்து உட்கார்ந்துவிட்டவள். கணவர் சூரத்தில் முறுக்குக் கம்பெனி நடத்துகிறார், தீபாவளிக்கு வந்து போவார். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று ஊரின் சகல விசேஷங்களுக்கும் வரி எழுதிக் கொடுப்பவள் அவள்தான். செத்தவர்களுக்கு மட்டும் புதிதாக எழுதுவதில்லை, எப்போதும் இதே இரண்டு வரிதான், பெயரை மட்டும் மாற்றிப் போடுவாள். துக்க வீட்டில் யாரும் புதுமை கேட்பதில்லை.

சுவருக்கு முன்னால் நின்று அவள் கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஒரு முறை எண்ணி, முகம் வெளுத்து, திரும்ப எண்ணினாள்.

“என்னக்கா எண்ணுறீக?” என்றார் பிச்சைக்கனி.

“தளை தட்டல.”

“தட்டலைன்னா?”

வெண்பா என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள் கை கோத்து ரோட்டைக் கடக்கிற மாதிரி, ஒரு சீர் எப்படி முடிகிறதோ அதைப் பார்த்துத்தான் அடுத்த சீர் தொடங்கலாம், ஒரு கை விட்டால் வரிசையே கலைந்துவிடும், அதைத்தான் தளை தட்டுகிறது என்பார்கள் என்று அவள் சொன்னாள். “இத்தன வருசமா இதே ரெண்டு வரியத்தான் ஊருக்கே போடுறேன் அண்ணாச்சி. ஒருத்தருக்கும் சரியா விழுந்ததில்ல. நம்மூர்ல இனிஷியல் இல்லாம யாரைச் சாக விட்டிருக்கோம்?”

அது உண்மைதான். கடம்பங்குளத்தில் செத்தவர் பெயர் என்றால் முன்னால் அப்பா இனிஷியல், தாத்தா இனிஷியல், பின்னால் அண்ணன், அவர்கள், மேனாள் தலைவர், சங்கத்தின் நிரந்தரப் பொருளாளர் என்று ஒரு ரயிலே ஓடும், அதில் ஒரு பெட்டி குறைந்தாலும் பங்காளிகள் பந்தியில் உட்கார மாட்டார்கள். அந்த ரயில் ஏறி ஏறி வெண்பா வருஷக்கணக்காக நசுங்கிக் கிடந்தது. காத்தமுத்துவுக்கு அப்பா பெயர் யாருக்கும் தெரியாது, பதவியும் இல்லை. பெயர் பெயராக மட்டும் போய் உட்கார, அந்த இடம் அவருக்காகவே அளந்து வைத்தது போல் இருந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் சினிமாக்காரர்கள் வந்து போஸ்டர் மேல் போஸ்டர் ஒட்டிப் போனதும் அத்தனை காத்தமுத்துவும் காணாமல் போனார்கள். பிச்சைக்கனி கரண்டியால் சினிமாவைச் சுரண்டி எடுத்ததும் திரும்ப வந்தார்கள். அதற்குப் பிறகு ஊருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

பிறகு கடம்பங்குளம் எப்படி மாறியது என்பதைச் சொல்ல ஒரு வாய் போதாது. தகப்பனை இழந்தவர்களும் தாலியை இழந்தவர்களும் செண்பகத்தின் கடை வாசலில் வந்து உட்கார்ந்தார்கள், உட்கார்ந்த இடத்தில் தங்கள் செத்தவர் பெயரை விரல் விட்டு எண்ணிப் பழகினார்கள், பஸ்ஸில் சன்னல் சீட்டுக்குச் சண்டை போடும்போதுகூட எங்க அப்பா பேரு கருவிளங்காய் தெரியுமா என்று கத்தினார்கள், ரேஷன் வரிசையில் தேமா புளிமா என்று சீர் பிரிக்கிற சத்தம் கேட்டது, பிள்ளைக்குப் பெயர் வைக்கிறவர்கள் நட்சத்திரத்தை விட்டுவிட்டு, நாளைக்கு வெண்பாவில் உட்காருமா என்று பார்த்தார்கள். திரும்பி வந்தவரைத் தொட்டால் தீட்டு உண்டா என்று கோயில் கமிட்டி கூடி, தொட்டவர் கை கழுவினால் போதும் என்று முடிவு செய்தது. கிராம நிர்வாக அலுவலர், கொடுத்த இறப்புச் சான்றிதழைத் திரும்ப வாங்க வழியில்லை என்று சொல்லி, வந்தவர்கள் வந்தபடி இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். புருஷன் திரும்பிய பெண்கள் பொட்டு வைக்கலாமா கூடாதா என்று ரொம்ப நாள் பேசினார்கள்; பேசி முடிப்பதற்குள் அவரவர் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டார்கள்.

வராதவர்களும் இருந்தார்கள். கூட்டுறவுச் சங்கத் தலைவராக இருந்தவரின் பிள்ளைகள், அப்பா பேரோடு பதவி வராவிட்டால் அப்பாவே வர வேண்டாம் என்று நின்றார்கள். அவரும் வரவில்லை. இனிஷியலை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் ஒரு தாயைத் திரும்பப் பெறாத அண்ணன் தம்பிகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

வந்தவர்கள் எப்படி வந்தார்கள் என்பதில்தான் சிக்கல். ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு அளவு என்பதால் செண்பகம் ஆளுக்கொரு வெண்பா புதிதாக எழுத வேண்டியிருந்தது, எழுதினால் எதுகை வேண்டும், முதல் வரியின் இரண்டாம் எழுத்தும் அடுத்த வரியின் இரண்டாம் எழுத்தும் ஒன்றாக இருந்தாக வேண்டும். ரிட்டயரான கண்டக்டர் வைத்திலிங்கத்துக்கு, கொடை என்று ஆரம்பித்துவிட்டதால் அடுத்த வரிக்குக் குடை என்று போட்டாள். மறுநாள் அவர் குடையோடு வந்தார். வெயிலிலும் குடை, வீட்டுக்குள்ளும் குடை, கட்டிலில் படுத்தாலும் விரித்த குடை.

அவர் சம்சாரம் சிவகாமி கடைக்கு வந்து தணிந்த குரலில் கேட்டாள். “அவுக குடையே பிடிச்சதில்லயே தாயி. மழைன்னா நனைஞ்சுதான் வருவாக, நான் துண்டை எடுத்துட்டு வாசல்ல நிப்பேன். இவுக நனையவே மாட்டேங்காக.”

“அது எதுகைக்காகப் போட்டது மதினி.”

“எதுகைக்காக நான் இன்னொரு ஆளோடயா குடும்பம் நடத்தணும்?”

ஊரில் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாருக்கும் அது புரிய ஆரம்பித்திருந்தது. வந்தவர்கள் வெண்பாவில் இருப்பதை மட்டும் செய்தார்கள், செய்ததையே செய்தார்கள். வாரி அணைப்பாள் என்று எழுதியிருந்தால் அந்த அம்மா பேரனை வாரி அணைத்தாள், இறக்கி விட்டாள், வாரி அணைத்தாள், பேரன் வீட்டுப் பாடம் எழுத முடியாமல் அழுதான். முதல் வாரம் எல்லா வீட்டிலும் பாயசம் வைத்தார்கள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார்கள். ஆனால் போஸ்டரைக் கிழிக்க யாருக்கும் கை வரவில்லை. ஒரு தடவை கொள்ளி வைத்த கையால் இன்னொரு தடவை அதை எப்படிச் செய்வது.

இத்தனைக்கும் நடுவில் ஊர் ஒரு கேள்வியை வாய்க்குள் வைத்து மென்றுகொண்டிருந்தது. ஊருக்கே ஆள் கூட்டி வந்த செண்பகம், தன் மகளை மட்டும் ஏன் கூட்டி வரவில்லை?

மகள் பெயர் மலர். வெண்பாவின் கடைசிச் சீர் எப்படி முடிய வேண்டும் என்பதற்கு இலக்கணத்தில் நாலு மாதிரிச் சொற்கள் வைத்திருக்கிறார்கள், நாள், மலர், காசு, பிறப்பு என்று. அதில் ஒன்றைத்தான் செண்பகம் மகளுக்கு ஆசையாக வைத்தாள். எனவே பெயர் உட்காரவில்லை என்று அவள் யாரிடமும் சாக்குச் சொல்ல முடியாது. உலகத்தில் எந்த வெண்பாவின் முடிவிலும் உட்கார்கிற பெயர் அது.

மலர் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்க ஆசைப்பட்டாள். ஹாஸ்டலில் விட செண்பகத்துக்கு மனசில்லை. இருவரும் காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார்கள், கடைசியில் செண்பகம், ஊர் உலகத்தில் எல்லாத் தாய்களும் சொல்கிற மாதிரி, “போய்த் தொலை” என்று சொன்னாள். மலர் பதில் சொல்லவில்லை. ஸ்கூட்டி ஸ்டாண்டை ஒரு உதை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனாள். பைபாஸ் திருப்பத்தில் மணல் லாரி வந்தது. அந்தப் பதில் சொல்லாத வாய்க்குள் என்ன இருந்தது, கோபத்தோடு போனாளா, வழியிலேயே கோபம் ஆறிப் போனாளா, அது ஒன்றுதான் செண்பகத்துக்கு இந்தப் பிறப்பில் தெரிய வேண்டியிருந்தது. பல் தேய்க்கும்போதும் அதுதான், பூப்புனித நீராட்டுக்கு வரி யோசிக்கும்போதும் அதுதான்.

அதை எந்த வெண்பாவும் சொல்லாது என்று அவளுக்குத் தெரியும். கோபம் என்று எழுதினால் கோபத்தோடு வருவாள், ஆறிவிட்டது என்று எழுதினால் ஆறிப்போய் வருவாள், எழுதின கையின் பதில்தான் அது, மலரின் பதில் இல்லை. ஆகவே எழுதாமல் இருந்தாள். எழுதாமல் இருப்பது ஒன்றுதான் மகளுக்குத் தான் செய்கிற மரியாதை என்று நினைத்தாள். ஊர் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றது, பிறகு பாவம் என்றது. பாவம் என்று சொல்ல ஆரம்பித்தால் இந்த ஊர் சும்மா இருக்காது.

எதிர்வீட்டு ஜெபராணி தையல்காரி. வெண்பாவை ஊரிலேயே நன்றாகப் பிடித்துக்கொண்டவள் அவள்தான், ரவிக்கைத் துணியில் சாக்பீஸால் அளவு குறிக்கிற கையோடு நேர் நிரையும் குறித்துப் பழகியவள். மலருக்குப் பாவாடை தைத்துக் கொடுத்தவள், சாவு வீட்டில் செண்பகத்தை மடியில் போட்டுக்கொண்டு கிடந்தவள். அவள் யோசித்து யோசித்து எழுதினாள். பிச்சைக்கனியிடமும் சிவகாமியிடமும் படித்துக் காட்டித் திருத்தினாள். செண்பகத்துக்குத் தெரியக் கூடாது என்று சாத்தூரில் அச்சடித்து, மலரின் முதல் வருஷ நினைவு நாள் விடிகிறபோது, செண்பகத்தின் வீட்டுக்கு நேர் எதிரே தன் சுவரில் மைதாப் பசை போட்டு நன்றாக ஒட்டினாள்.

செண்பகம் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தாள். படியில் மலர் உட்கார்ந்திருந்தாள், அந்தப் பச்சைச் சுடிதார், அந்த ஒற்றைப் பின்னல்.

“அம்மா, எனக்குன்மேல் கோபமில்லை” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

செண்பகம் வாளியைக் கீழே போட்டாள். தெருவே கேட்கும்படி ஒரு சத்தம் போட்டு மகளைக் கட்டிக்கொண்டு, ஒரு வருஷமாக நெஞ்சில் அடைத்துக் கிடந்ததெல்லாம் வெளியே வர அழுதாள். தெரு முழுக்க வாசலுக்கு வந்து நின்று தானும் அழுதது. ஜெபராணி தன் வீட்டு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு விக்கினாள். செண்பகம் மகளை உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்து, தோசை சுட்டாள், தேங்காய்ச் சட்னியில் பச்சை மிளகாயைக் கூட ஒன்று போட்டாள், மலருக்கு உறைக்க வேண்டும், முகம் சுளித்துத் தண்ணி கேட்டுக்கொண்டே தின்பாள்.

“அம்மா, எனக்குன்மேல் கோபமில்லை” என்றாள் மலர். சிரித்தாள்.

“சரிடி, சரிடி என் தங்கம்” என்றாள் செண்பகம். தோசையைப் பிட்டு ஊட்டினாள். மலர் சட்னிக்கு முகம் சுளிக்கவில்லை, தண்ணி கேட்கவில்லை.

“அம்மா, எனக்குன்மேல் கோபமில்லை.” சிரிப்பு.

செண்பகம் அடுப்பை அணைக்க மறந்து தோசைக்கல் புகைந்தது. கல்லைத் தள்ளிய அவசரத்தில் விரலைச் சுட்டுக்கொண்டாள். மலர் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குக் காரணம் ஒன்றும் இல்லை. செண்பகத்தின் மலர் காரணமில்லாமல் சிரிக்கிறவள் இல்லை, அவளைச் சிரிக்க வைக்க ஏதாவது உருப்படியாக நடக்க வேண்டும், பெரும்பாலும் யாராவது வழுக்கி விழ வேண்டும். அதோடு எனக்குன்மேல் என்று அவள் ஒரு நாளும் பேசியதில்லை, ஒம்மேல என்றுதான் சொல்வாள். செண்பகம் சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு மகளையே பார்த்தாள். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், எதிர்ச்சுவரைப் பார்த்தாள்.

அம்மா எனக்குன்மேல் கோபமில்லை என்றுசொல்லிச்
சும்மா சிரிப்பாள் மலர்.

அவள் ரோட்டைக் கடந்து போய் சுவருக்கு முன்னால் நின்று அசை பிரித்தாள். எங்காவது ஒரு இடத்தில் தளை தட்டிவிடாதா என்று பிரித்தாள். தட்டினால், உள்ளே இருப்பது வெண்பாவால் வந்தது இல்லை என்றாகும், தானாக வந்தவள் என்றாகும், அந்தக் கோபமில்லை மலருடையது என்றாகும். அம்மா, சரி. எனக்குன்மேல், சரி. கோபமில்லை, சரி. ஒவ்வொரு சீரும் அடுத்ததன் கையை இறுகப் பிடித்திருந்தது. சும்மா என்ற சொல்லில் வந்து விரல் நின்றது. அம்மாவுக்கு எதுகையாக வந்த சும்மா. மறுபடி முதலிலிருந்து பிரித்தாள், மறுபடியும் சரியாக இருந்தது. ஒரு சின்னத் தப்புக்காக அவள் அந்த வெயிலில் கெஞ்சிக்கொண்டு நின்றாள். ஜெபராணி தப்பில்லாமல் எழுதியிருந்தாள்.

“நாந்தாங்க்கா எழுதினேன்” என்றாள் ஜெபராணி, பின்னால் வந்து நின்று. “தப்பா இருக்கா?”

“இல்ல. நல்லா வந்திருக்கு.”

“பின்ன ஏங்க்கா இப்படி நிக்கிறீக? ஒரு வருசமா நீங்க ஒழுங்கா ஒரு வாய் சோறு திங்கல. இந்த ஒரு வார்த்தைக்குத்தான ஏங்கிக் கெடந்தீக. மன்னிச்சிட்டாள்ல, அது போதாதா?”

“அவ மன்னிக்கல ஜெபா” என்றாள் செண்பகம். “நீ மன்னிச்சிருக்க. பிச்சைக்கனி அண்ணாச்சி மன்னிச்சிருக்காக, மதினி மன்னிச்சிருக்காக. ஊரே மன்னிச்சிருக்கு. அது எனக்குப் பெருசுதான். உங்க கால்ல விழணும்.” அவள் சுவரை விட்டு ஜெபராணியின் பக்கம் திரும்பினாள். “ஆனா அவ வாயில அத வைக்காதீக. அவ வாய அவகிட்டயே விட்டுருங்க.”

ஜெபராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குடையைப் பிடித்தபடி நின்ற வைத்திலிங்கத்தின் பக்கத்தில் சிவகாமி தலையைக் குனிந்துகொண்டாள். எதிர்ப்படியில் மலர் வந்து உட்கார்ந்து, அம்மா, எனக்குன்மேல் கோபமில்லை என்றாள், சிரித்தாள், அம்மா, எனக்குன்மேல் கோபமில்லை என்றாள்.

செண்பகம் தன் வாசலில் கிடந்த வாளியை எடுத்துக் குழாயில் பிடித்து நிறைத்து வந்தாள். போஸ்டர் மேல் தண்ணீரை ஓங்கி அடித்தாள். இரண்டு தடவை அடித்ததும் பசை இளகியது, கீழ் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தாள். இரண்டாம் வரி முழுதாக உரிந்து வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். படியில் இருந்தவளின் முகத்தில் சிரிப்பு இல்லை. புருவம் இரண்டும் நெருங்கி, கீழுதடு கொஞ்சம் பிதுங்கி, பைபாஸ் திருப்பத்துக்குப் போவதற்கு முன்னால் ஸ்கூட்டி சாவியைத் தேடினபோது இருந்த முகம் அது.

செண்பகம் சுவரிலிருந்து கையை எடுத்தாள். நிறுத்திவிடலாமா என்று நினைத்தாள். அந்த முகத்தை வைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டிவிடலாம் என்றுகூட நினைத்தாள். பிறகு, முதல் வரியின் வலது கோடியைப் பிடித்து இழுத்தாள். என்றுசொல்லி கிழிந்தது. கோபமில்லை கிழிந்து கையோடு வந்தது. அதற்கு மேல் ஜெபராணியின் பசை விடவில்லை, இரண்டு சீர் மட்டும் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது.

“அம்மா, எனக்குன்மேல்” என்று ஆரம்பித்தாள் மலர். ஆரம்பித்த வாய் திறந்தபடி நின்றது. அடுத்த சொல் அவளுக்கு எழுதப்பட்டிருக்கவில்லை. படியும் அவளுக்குப் பின்னால் இருந்த கதவும் மெல்ல அவள் வழியாகத் தெரிய ஆரம்பித்தன.

செண்பகம் ஈரக் காகிதத்தைக் கையில் பிடித்தபடி ரோட்டின் நடுவே ஓடி வந்து நின்றாள்.

“சொல்லுடி” என்றாள். “எதுன்னாலும் சொல்லு.”